70 விழுக்காடு வெளிச்சம்

மலேசியச் சாலைச் சட்டத்தில் ஓர் எண் இருக்கிறது: 70. காடியின் முன் கண்ணாடியில் எந்த ஃபிலிம் ஒட்டினாலும், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் குறைந்தது 70 விழுக்காடு அதைக் கடந்து போக வேண்டும். ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடிக்கும் அவருக்கு அருகில் உட்காருபவரின் கண்ணாடிக்கும் 50. பின் இருக்கைக் கண்ணாடிகளுக்கும் பின்பக்கக் கண்ணாடிக்கும் 2019 மே மாதத்திலிருந்து வரம்பே கிடையாது. எவ்வளவு கறுப்பாக வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

ஜோகூர் பாலத்தைத் தாண்டினால் எண்கள் மாறிவிடுகின்றன. சிங்கப்பூரில் முன் கண்ணாடிக்கும் முன் இருக்கைகளின் கண்ணாடிகளுக்கும் 70, பின்னால் 25. பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் அதே சூரியன், அதே சாயங்கால மழை, அதே மனிதக் கண். பொறியியல் படித்தவன் என்பதால் ஓர் எண்ணைப் பார்த்ததும் அது எந்தச் சமன்பாட்டிலிருந்து வந்தது என்று தேடுவது என் பழக்கம். இந்த எண்களைச் சமன்பாட்டில் மட்டும் தேடினால் கிடைக்காது. பௌதிகம் பாலத்தின் நடுவில் மாறுவதில்லை. ஒரு மனிதன் சாலையில் இன்னொரு மனிதனுக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்று ஒரு நாடு எடுத்த முடிவுதான் அங்கே மாறுகிறது.

ஆக, டின்டட் போடுவது வெயில் பிரச்சினை மட்டும் அல்ல. என்னைக் காத்துக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காப்பு, வெளியே இருப்பவரின் கண்ணிலிருந்து என்னை எடுத்துவிடும்போது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? இந்தக் கேள்வியைத்தான் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க நினைக்கிறேன்.

*

வெயிலை முதலில் பேசி முடித்துவிடலாம். கடையில் எல்லாப் பேச்சும் அங்கேதான் தொடங்குகிறது.

முன் கண்ணாடி என்பது ஒரே கண்ணாடி அல்ல. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலத்தை வைத்து அழுத்திச் செய்தது. 1903-இல் எதுவார் பெனெடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை கீழே விழுந்து விரிசல் விட்டும் சிதறாமல் கிடந்ததாகவும், உள்ளே காய்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட்தான் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். 1909-இல் அவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். முன் கண்ணாடி அப்படிப் பார்த்தால் பிறக்கும்போதே ஒரு ஃபிலிமோடுதான் பிறக்கிறது. அந்த நடுப் படலம் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை ஏற்கெனவே தடுத்துவிடுகிறது. பக்கத்துக் கண்ணாடிகள் பெரும்பாலும் டெம்பர்ட் வகை, ஒற்றைத் தகடு. அவை உடைந்தால் கற்கண்டு மாதிரி சின்னச் சின்னதாக உதிரும். புற ஊதாவில் ஒரு நல்ல பங்கை உள்ளே விட்டுவிடும்.

சூரியனிடமிருந்து தரைக்கு வரும் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. இன்னொரு 45 விழுக்காடு அளவுக்கு நாம் பார்க்கும் வெளிச்சம். மீதி கொஞ்சம்தான் புற ஊதா. பலர் வெளிச்சம் வேறு, வெப்பம் வேறு என்று நினைத்துக்கொள்கிறோம். டாஷ்போர்டில் விழும் வெளிச்சமும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. சட்டம் கேட்கிற 70 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட்டால், கூடவே சூரிய ஆற்றலில் 30 விழுக்காட்டுக்கு மேல் உள்ளே வந்துதான் தீரும். உலகத்திலேயே விலை கூடிய ஃபிலிமை ஒட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. அகச்சிவப்பு முழுவதையும் தடுத்து, புற ஊதா முழுவதையும் தடுத்து, அதற்குப் பிறகும் பார்ப்பதற்கான வெப்பம் என்று ஒரு பங்கு மிச்சம் இருக்கும். பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் சுட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

கிள்ளானில் ஒரு கடைக்கு நண்பனோடு போயிருந்தேன், அவனுடைய மைவிக்கு டின்டட் போட. டின்டட் கடைகளில் எல்லா இடத்திலும் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் சூடு கொடுக்கும் சிவப்பு விளக்கு, நடுவில் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடித் துண்டு, இந்தப் பக்கம் உங்கள் கை. சாதாரணக் கண்ணாடியை வைத்தால் கை சுடும். விலை கூடிய ஃபிலிமை வைத்தால் ஒன்றுமே தெரியாது. நண்பன் உடனே, "டேய், இதையே போட்டுருவோம்டா" என்றான். அந்த விளக்கு அனுப்புவது பெரும்பாலும் அகச்சிவப்பு. சூரியன் அனுப்புவதில் அது பாதிதான். அகச்சிவப்பைத் தடுப்பதில் கெட்டியான ஃபிலிம் அந்தப் பெட்டியில் காட்டுகிற அதிசயத்தை ரோட்டில் அப்படியே காட்டாது. மொத்தச் சூரிய ஆற்றலில் எவ்வளவு தடுக்கிறது என்ற எண்ணைக் கேட்க வேண்டும். அது எப்போதும் விளம்பரத்தில் பெரிதாக எழுதிய எண்ணைவிடச் சின்னதாக இருக்கும்.

வேலை செய்த அண்ணன் நாற்பதைத் தாண்டியவர். பேச்சு குறைவு. சோப்புத் தண்ணீர் தெளித்து, பிளேடால் சுரண்டி, மறுபடியும் தெளித்து, துடைத்து, விளக்கு வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். முன் கண்ணாடி வளைந்தது, ஃபிலிம் தட்டையானது. அதனால் முதலில் ஃபிலிமைக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் விரித்து, ஹீட் கன்னால் சூடேற்றிச் சுருக்கி, கண்ணாடியின் வளைவுக்குப் பழக்கி, அதன் பிறகுதான் உள்ளே கொண்டுபோய் ஒட்டுகிறார்கள். "இவ்ளோ தொடைக்கணுமாண்ணே?" என்று கேட்டேன். "தம்பி, ஒரு தூசி உள்ள மாட்டிக்கிச்சுன்னா, ஃபிலிம் இருக்குற வரைக்கும் அது ஒன்னயவே பாத்துக்கிட்டு இருக்கும்" என்றார். ஒட்டி முடித்ததும் கண்ணாடிக்குள் பனி மூட்டம் மாதிரி இருந்தது. உள்ளே மாட்டிய ஈரம் காய்வதற்குச் சில நாள், சில நேரம் சில வாரம்கூட ஆகும். அதுவரை பக்கத்துக் கண்ணாடிகளை இறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அங்கே நான் கவனித்த இன்னொரு கணக்கும் உண்டு. காடியோடு வரும் கண்ணாடியே முழு வெளிச்சத்தையும் விடுவதில்லை. அது 80 விழுக்காடு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபிலிம் 85 விடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே 70-ஐத் தாண்டியவை. இரண்டையும் சேர்த்தால் பெருக்க வேண்டும்: 0.80, 0.85, விடை 0.68. தனியாக நிற்கும்போது சரியாக இருக்கும் இரண்டு, ஒன்றாக ஒட்டியதும் வரம்பை மீறிவிடுகின்றன. நம்முடைய நியாயங்களும் பல நேரம் இப்படித்தான். 'வெயில் தாங்கவில்லை' என்பது நியாயம். 'என் காடிக்குள் யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம்' என்பதும் நியாயம். பெருக்கிப் பார்த்தால்தான் எவ்வளவு இருட்டு சேர்ந்திருக்கிறது என்று தெரியும்.

*

டின்டட் பற்றிப் பேசும்போது "உள்ளேர்ந்து தெரியும், வெளியேர்ந்து தெரியாது" என்பார்கள். அப்படி ஒரு பொருள் கிடையாது. ஃபிலிம் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சத்தைத்தான் விடுகிறது. வெளியிலிருந்து உள்ளே 50 என்றால் உள்ளிருந்து வெளியேயும் 50. பிறகு ஏன் ஒரு பக்கம் மட்டும் தெரிகிறது? ஒரு பக்கம் மட்டும் வெளிச்சமாக இருப்பதால். பகலில் ரோட்டில் நிற்பவர் மேல் வெயில் அடிக்கிறது. காடிக்குள் நிழல். வெளியே நிற்பவர் கண்ணாடியைப் பார்த்தால் அதில் வானமும் அவருடைய முகமும்தான் தெரியும், உள்ளிருந்து வரும் மங்கல் வெளிச்சம் அதற்குள் மூழ்கிவிடும். இரவில் காடிக்குள் விளக்கைப் போட்டுப் பாருங்கள், கதை தலைகீழாகிவிடும். உள்ளே இருப்பவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பார், வெளியே இருப்பவர் எல்லாவற்றையும் பார்ப்பார். ரோட்பிளாக்கில் கண்ணாடியை இறக்கி உள்விளக்கைப் போடச் சொல்வது இதனால்தான்.

எனக்கு இது சாதாரணப் பௌதிகத்தைத் தாண்டி ஏதோ சொல்வதாகப் படுகிறது. நம்மை மறைப்பது ஃபிலிம் மட்டும் அல்ல. நமக்கும் வெளியே இருப்பவருக்கும் உள்ள வித்தியாசமும் சேர்ந்துதான் மறைக்கிறது. அவர் வெயிலில் நிற்கிறார், நாம் குளுகுளுவென்று நிழலில் இருக்கிறோம். அந்த ஏற்றத்தாழ்வுதான் வேலையைச் செய்கிறது. ஃபிலிம் அதைக் கூட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். யார் யாரைப் பார்க்க முடியும் என்பது யார் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்த விஷயம்.

வெயிலில் நிற்பவர் நம் நாட்டில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் இருப்பவர். மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். எனக்குத் தெரிந்த எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் இந்த எண்ணுக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஒரு சித்தப்பா, ஒரு மாமா மகன், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன்.

மோட்டாரில் போகிறவர் சந்திப்பில் காடியைப் பார்ப்பதில்லை, காடிக்குள் இருக்கும் முகத்தைத் தேடுகிறார். நீங்கள் மோட்டார் ஓட்டியிருந்தால் இது தெரியும். சிக்னல் விளக்கு போடாமல்கூட ஒருவர் திரும்பக்கூடும். ஆனால் திரும்பப்போகிறவரின் தலை முதலில் திரும்பும். ஒருவர் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாரா, நம்மைப் பார்த்துவிட்டாரா, பார்த்தும் பொருட்படுத்தவில்லையா என்பதெல்லாம் ஒரு நொடியில் முகத்தில் படித்துவிடக் கூடியது. கையை லேசாகத் தூக்கினால் 'நீ போ' என்று அர்த்தம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதாத மொழி இது. காடியை ஊடுருவி அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் உண்டு. முன் கண்ணாடி, பின் கண்ணாடி இரண்டும் தெளிவாக இருந்தால் ஒரு காடி ஜன்னல் மாதிரி. கறுத்துவிட்டால் அது ஓடுகிற சுவர்.

இந்த வாதத்தை வைத்து நான் ஒரு சின்ன முடிவுக்கு வந்திருந்தேன். சாலை என்பது ஒருவரை ஒருவர் படித்துக்கொண்டு போகிற இடம். படிக்க முடியாதபடி தன்னை ஆக்கிக்கொள்பவர், தன் பாதுகாப்பை வெளியே இருப்பவரின் செலவில் வாங்குகிறார். சுத்தமான வாதம். என் அக்காவிடம் சொன்னேன்.

*

அக்கா தாதி. மத்தியான ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பதரை மணிக்கு மேல் தனியாக வீட்டுக்கு ஓட்டி வருவாள். நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "நீ ஆம்பளடா. ஒனக்கு எவன் மூஞ்சியும் பாக்கலாம், ஒன் மூஞ்சியும் எவனும் பாக்கலாம். எனக்கு அப்படியா?" என்றாள்.

பிறகு நடந்ததைச் சொன்னாள். ஒருநாள் சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்தில் ஒரு மோட்டார் வந்து நின்றது. இரண்டு பேர். பின்னால் இருந்தவன் குனிந்து உள்ளே பார்த்தான். முதலில் அவள் முகம், பிறகு பக்கத்துச் சீட், பிறகு பின் சீட். யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொள்கிற பார்வை. விளக்கு பச்சையானதும் அவளுக்குப் பின்னாலேயே வந்தார்கள். வீட்டுக்குத் திரும்பாமல் நேராக ஓட்டி, ஆட்கள் நிறைந்த ஒரு மாமாக் கடை முன்னால் போய் நிறுத்தியிருக்கிறாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. போலீஸில் சொல்வதற்கும் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து கைப்பையை அவள் சீட்டில் வைப்பதில்லை, காலடியில் வைக்கிறாள். சிவப்பு விளக்கு வருவது தூரத்தில் தெரிந்தால் நிற்காமல் மெதுவாக ஊர்ந்து வருகிறாள்.

"அவன் என் மூஞ்சிய நல்லாத்தான் படிச்சான்" என்றாள் அக்கா. "படிச்சுட்டுத்தான் பின்னாலயே வந்தான்."

தத்துவம் படிப்பவர்கள் மறைந்திருப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் வரும் மோதிரக் கதைக்கு வந்துவிடுவார்கள். கைகெஸ் என்ற பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த இடையனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. திருகினால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அதை வைத்துக்கொண்டு அரண்மனைக்குப் போய், அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டைப் பிடிக்கிறான். யாரும் பார்க்கவில்லை என்றால் நாம் நல்லவராக இருப்போமா என்பதுதான் கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் அக்கா பேசியதற்குப் பிறகு எனக்கு இன்னொன்று தோன்றியது. அந்த மோதிரம் அரசிக்குக் கிடைத்திருந்தால்? அவள் அதை வைத்து யாரையும் கொன்றிருக்க வேண்டியதில்லை. யாரும் தன்னை உற்றுப் பார்க்காத ஒரு சாயங்காலம் தோட்டத்தில் நடந்துவிட்டு வந்திருக்கலாம். கதையில் யாரும் அவளிடம் கேட்கவில்லை. கண்ணில் படாமல் இருக்க விரும்புபவர் தப்பு செய்யத்தான் விரும்புகிறார் என்று கதை எடுத்துக்கொள்கிறது. பார்க்கப்படுவதே ஆபத்து என்ற அனுபவம் இல்லாதவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும்.

முகம் தெரிந்தால் நியாயம் வந்துவிடும் என்பதையும் நம் குடும்பங்களின் கதை அவ்வளவு லேசில் ஒத்துக்கொள்ளாது. என் பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள். விடியற்காலைப் பெரட்டில் ஆளை எண்ணுவார்கள். லயத்தில் யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வேலைக்கு வரவில்லை என்பதெல்லாம் யாருக்கும் மறைவு கிடையாது. துரை பங்களா மேட்டில் இருக்கும். அங்கிருந்து லயம் தெரியும். லயத்திலிருந்து பார்த்தால் பங்களாவின் மூங்கில் தட்டிகள்தான் தெரியும். ஆனால் துரையின் காடிக்குக் கறுப்புக் கண்ணாடி இல்லை. உள்ளே யார் இருக்கிறார் என்பது எல்லாருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தவர்கள்தான் செம்மண் ரோட்டை விட்டு இறங்கி, சைக்கிளையும் இறக்கி, தலையைக் குனிந்து நின்றார்கள். பார்க்க முடிவது வேறு, நிமிர்ந்து பார்க்க முடிவது வேறு. கண்ணாடியின் தெளிவு மட்டும் அந்த இரண்டாவதைக் கொடுத்துவிடாது.

*

அப்படியானால் அக்கா வேண்டிய அளவு கறுப்பாகப் போட்டுக்கொள்ளட்டுமே? பின்னால் போடலாம், சட்டம் விடுகிறது. ஆனால் அவளைப் பார்த்தவன் பார்த்தது முன் பக்கத்துக் கண்ணாடி வழியாக. அதற்கு ஒரு வழி இருக்கிறது. 2019-இல் அறிவித்த அதே திருத்தத்தில், பாதுகாப்புக் காரணம் காட்டி முன் கண்ணாடிகளையும் கறுப்பாக்கிக்கொள்ள விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. விண்ணப்பத்துக்கு 50 ரிங்கிட். அனுமதி கிடைத்தால் 5,000 ரிங்கிட், இரண்டு ஆண்டுகளுக்கு.

இந்த 5,000 என்னை யோசிக்க வைக்கிறது. முன் கண்ணாடி கறுத்தால் வெளியே இருப்பவருக்கு ஆபத்து என்பதால்தான் சட்டம் அதைத் தடுக்கிறது என்றால், பணம் கட்டியதும் அந்த ஆபத்து எங்கே போகிறது? மோட்டாரில் வருகிறவருக்கு 5,000 கட்டிய இருட்டும் கட்டாத இருட்டும் ஒரே இருட்டுதான். இல்லை, உண்மையிலேயே உயிருக்கு அச்சம் இருப்பவருக்கு அந்த இருட்டு தேவை என்றால், அச்சத்துக்கு ஏன் இவ்வளவு விலை? அச்சம் அதிகம் உள்ளவரிடம் பணமும் அதிகம் இருக்கும் என்று யார் சொன்னது? அக்காவுக்கு அது ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம். கட்டணம் கூட இருந்தால் எல்லாரும் கேட்க மாட்டார்கள், அதனால் கறுப்புக் காடிகள் குறைவாக இருக்கும் என்று ஒரு நியாயம் சொல்லலாம். நிர்வாகத்துக்கு அது போதும். ஆனால் இருட்டைப் பங்கு போடும்போது தேவையைப் பார்க்காமல் பையைப் பார்த்துப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பௌதிகத்தில் மறைவைக் கொடுத்தது நிற்கிற இடத்தின் வித்தியாசம். இங்கேயும் அதேதான்.

*

நானும் அக்காவும் இதைப் பல தடவை பேசிவிட்டோம். சண்டை போட்டோம் என்றுகூடச் சொல்லலாம். கடைசியில் நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்ட ஒன்று, அவள் சொன்ன சிவப்பு விளக்கும் நான் சொன்ன சந்திப்பும் ஒரே ரோட்டில்தான் இருக்கின்றன என்பது.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது அக்கா பலவீனமானவள். காடி நகரவில்லை, பக்கத்தில் இரண்டு பேர், கண்ணாடி மெல்லியது. அங்கே அவள் கண்ணில் படாமல் இருப்பதுதான் நியாயம். இருநூறு மீட்டர் தள்ளி அவள் வலது பக்கம் திரும்புகிறாள். எதிரே வேலை முடிந்து ஒருவர் மோட்டாரில் வருகிறார். இப்போது அவளிடம் ஏறக்குறைய ஒரு டன் இரும்பு இருக்கிறது, அவரிடம் ஒரு ஹெல்மெட். அங்கே அவள் முகம் அவருக்குத் தெரிவதுதான் நியாயம். ஒரே பெண், ஒரே கண்ணாடி, ஒரே நிமிடம். பலவீனமானவர், பலமானவர் என்று ஆட்களைப் பிரித்து வைக்க முடிந்தால் எந்தக் கண்ணாடிக்கு எவ்வளவு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நாமோ ஒரே பயணத்தில் பத்து தடவை மாறிக்கொள்கிறோம். ஃபிலிம் மட்டும் மாறாது. ஒட்டியது ஒட்டியதுதான்.

ஆகவே 70 சரியா 50 சரியா என்று கேட்பதில் எனக்கு இப்போது பெரிய ஆர்வமில்லை. எந்த எண்ணும் யாரோ ஒருவரைக் கொஞ்சம் வெயிலில் நிறுத்தத்தான் செய்யும். எனக்கு முக்கியமாகப் படுவது, எண் விட்டு வைத்த மீதியை யார் ஈடுகட்டுவது என்பது. மறைவு எடுத்துக்கொண்டவர்தான் ஈடுகட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். என் முகத்தை உனக்குக் காட்டாமல் இருக்க எனக்கு உரிமை உண்டென்றால், முகம் சொல்லியிருக்க வேண்டியதை வேறு வழியில் சொல்ல வேண்டிய கடமையும் என்னுடையது. மற்றவரைவிட முன்னதாகச் சிக்னல் போட வேண்டும். மற்றவரைவிட மெதுவாகச் சந்திப்புக்கு வர வேண்டும். அவர் என்னைப் படிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும், ஆகவே சந்தேகம் வந்தால் வழி அவருடையது. கறுப்புக் கண்ணாடிக்குள் இருப்பவர் பொதுவாக இதற்கு நேர்மாறாக ஓட்டுகிறார் என்று நீங்கள் சொல்லலாம். தெரியும். அதனால்தான் கடமை என்கிறேன்.

எழுதுபவர்களுக்கும் இது புதிதல்ல. புனைபெயரும் ஒரு ஃபிலிம்தான். வீட்டுக்குத் தெரிந்தால் எழுதவே விடமாட்டார்கள் என்று பெயரை மாற்றிக்கொண்டு கதை எழுதுகிற பெண்ணும் அதற்குள் இருக்கிறாள். முகமில்லாத கணக்கு ஒன்றைத் திறந்து அவளைத் திட்டுகிறவனும் அதற்குள்தான் இருக்கிறான். புனைபெயரை ஒழித்தால் முதலில் காணாமல் போவது அவள். திட்டுகிறவன் தன் சொந்தப் பெயரில்கூடத் திட்டிக்கொள்வான், அவனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. இருவரையும் பிரித்தறிய, மறைவுக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே வெயிலில் நிற்பவரிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

என்னுடைய காடிக்கு முன்னால் 70-க்குக் கீழே போகாத ஃபிலிம்தான் ஒட்டியிருக்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு ஃபெடரல் ஹைவேயில் மாட்டிக்கொண்டால் தொடை சுடத்தான் செய்கிறது. பார்ப்பதற்கான வெப்பம் என்று எடுத்துக்கொள்கிறேன். பார்க்கப்படுவதற்கும் சேர்த்து. அக்கா பின்னால் மூன்று கண்ணாடிகளையும் முழுக் கறுப்பாக ஆக்கிவிட்டாள், முன் பக்கத்தில் சட்டம் விடுகிற கடைசி விழுக்காடு வரை போனாள். பின் சீட்டில் யாராவது இருக்கிறார்களா இல்லையா என்று இனி எவனாலும் உறுதிசெய்துகொள்ள முடியாது என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மாற்றவில்லை.

ஆனால் இப்போதெல்லாம் அவள் இன்னொன்றும் செய்கிறாள். பகலில், வீட்டுப் பக்கத்துச் சின்னச் சந்திப்பில் யாராவது மோட்டாரில் தயங்கி நின்றால், கண்ணாடியைப் பாதி இறக்கிக் கையை வெளியே நீட்டி 'போங்க' என்று காட்டுகிறாள். சூடான காற்று உள்ளே வருகிறது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.